குன்னூரிலிருந்து உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போய்வர முடியுமா?

கேள்வி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். கோவையில் ஒரு மருத்துவமனையில் இந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில் 1:
கோவையிலேயே தங்கிவிடுங்கள் தம்பி. கருவிழியை இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அந்த நேரமெல்லாம் மலைப்பாதையிலேயே போய்விடும். அப்புறம், மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லி, அது குடும்பத்துக்குப் புரிந்த பிறகுதான் தானத்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். வென்டிலேட்டரில் மகன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிற அம்மாவை அவசரப்படுத்தவே கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதில் 2:
அக்கா சொல்வது சரி. மூளைச்சாவுப் பரிசோதனை இரண்டு முறை, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் நடக்கும். அந்த நேரம் முழுக்க குடும்பத்தினர் கூடவே இருங்கள்.

பதில் 3:
கோத்தகிரியிலிருந்து ஒன்று: வீட்டில் இறந்தவர்களும் கண் கொடுக்கலாம். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.