பரணில் கிடைத்த ட்ராம் காலத்து வரைபடம், எந்த வருஷத்தது?

வண்ணைப் பையன்:
வண்ணாரப்பேட்டை வீட்டை இடிக்கப் போகிறோம் என்று பரணைக் காலி பண்ணும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இது கிடைத்தது. மெழுகு பூசின மாதிரி வழவழவென்று ஒரு துணி, அதில் கையால் மையில் வரைந்த ஊர்ப் படம், ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குச் சிவப்பில் ட்ராம் பாதை. தங்கசாலைத் தெருவில் பென்சிலில் ஒரு புள்ளி வைத்து ‘நம்ம கடை’ என்று தாத்தா எழுதியிருக்கிறார். வருஷம் எங்கும் இல்லை, கரையான் அரித்த மூலையில் இருந்ததோ என்னவோ. மடிப்பெல்லாம் விடுகிறது, லாமினேட் பண்ணிவிடலாமா?

ஏழுகிணறு:
ஐயோ தம்பி, லாமினேட் மட்டும் வேண்டாம்! என் மாமனாரின் பழைய பத்திரத்தை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன், சூட்டில் சுருங்கிப் போய் அதற்குமேல் பிரிக்கவும் முடியவில்லை. உங்களுடையது டிரேசிங் துணி, கஞ்சி ஏற்றியது, ஈரத் துணியால்கூடத் துடைக்காதீர்கள். முதலில் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுங்கள்.
வருஷத்துக்கு வருவோம். மின்சார ட்ராம் இங்கே ஓட ஆரம்பித்ததே 1895 மே மாதம்தான், அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பிளாக் டவுன் என்று போட்டிருக்கிறதா, ஜார்ஜ் டவுன் என்றா? பெயர் மாறியது 1906-இல். சென்ட்ரல் பக்கத்தில் ரிப்பன் மாளிகை, 1913-இல் கட்டி முடித்த மாநகராட்சிக் கட்டடம், இருக்கிறதா?

வண்ணைப் பையன்:
ஜார்ஜ் டவுன்தான் அண்ணா. ரிப்பன் மாளிகை இல்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஏழுகிணறு:
அப்படியானால் 1906-க்கும் 1913-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய சர்வே தாளின்மேல் துணியைப் போட்டுப் பிரதி எடுப்பதுண்டு, அதனால் ஊர் ஒரு வருஷத்து ஊராகவும் துணி பத்து வருஷம் பிந்தினதாகவும் இருக்கலாம்.

காசிமேட்டுக்காரி:
எல்லாரும் ட்ராமையே பார்க்கிறீர்கள், அதுதான் 1953-இல் நின்றே போச்சே. நீங்கள் கடலோரக் கோட்டைப் பாருங்கள். துறைமுகச் சுவர் மணலைத் தடுத்ததில் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது, இப்போது பாறாங்கல் கொட்டித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ராயபுரத்துக்கு வடக்கே தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டு வரைந்திருக்கிறது? அந்தப் பக்கத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

வண்ணைப் பையன்:
நிறையவே இருக்கு அக்கா, குட்டிக் குட்டியாகப் படகுகூட வரைந்திருக்கிறார்கள். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் எடுத்துப் போடுகிறேன்.