அவனீந்திரநாத் தாகூரின் வாஷ் ஓவியங்கள்: வண்ணம் தீட்டிய தாளைத் தண்ணீரில் மூழ்கடித்தது எதற்காக?

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். நீர்வண்ண ஓவியத்தைச் சில ஆண்டுகளாகப் பயின்று வருகிறேன். வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் 1905ஆம் ஆண்டு வரைந்த ‘பாரத மாதா’ ஓவியத்தின் நல்ல அச்சுப்படி ஒன்றை அண்மையில் நிதானமாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. காவி உடுத்து நிற்கும் அந்தப் பெண்ணின் நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் வெண்துணியும் ஜெபமாலையும் இருக்கின்றன. அவளுடைய ஆடை எந்த இடத்தில் முடிகிறது, பின்னால் பரவியிருக்கும் வெளிர்மஞ்சள் ஒளி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஆனால் கண், உதடு, விரல்கள் ஆகியவற்றின் கோடுகள் மயிரிழை போலத் தெளிவாக நிற்கின்றன.

என் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. ஈரத்தாளில் வண்ணத்தை ஓடவிட்டால் மங்கல் கிடைக்கும், கோடு நிற்காது. காய்ந்த தாளில் தீட்டினால் கோடு நிற்கும், விளிம்புகள் வெட்டியதுபோல் கடினமாகிவிடும். இரண்டும் ஒரே தாளில் எப்படி அமைந்தன? ஓவியம் முழுவதையும் தண்ணீரில் மூழ்கடித்து எடுப்பது அவருடைய வழக்கம் என்று படித்தேன். நீரில் கரையும் வண்ணத்தை நீரில் போட்டால் என்ன மிஞ்சும்? ‘ஷாஜகானின் மறைவு’ என்ற அவருடைய புகழ்பெற்ற படமும் இம்முறையில் வரையப்பட்டதுதானா என்பதையும், இது ஜப்பானியர்களின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது என்று சிலர் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழந்தூரிகை:

வணக்கம் அம்மா. செய்முறை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரலாற்றை நம் குழுவில் என்னைவிட நன்கு அறிந்தவர்கள் சொல்வார்கள்.

நீர்வண்ணத்தில் நிறமித் துகள்களைத் தாளோடு பிடித்து வைப்பது வேலம்பிசின். அது காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும் என்பதால்தான் தாங்கள் அஞ்சுகிறீர்கள். ஆனால் தூரிகை இட்ட துகள்கள் எல்லாம் தாளின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி பஞ்சிழைகளுக்கு இடையே இறங்கி அமர்ந்துவிடுகிறது, மறுபகுதி மேலே பிசின் படலத்தில் நிற்கிறது. வண்ணம் நன்றாகக் காய்ந்தபின் தாளைச் சுத்தமான நீரில் சில நிமிடங்கள் கிடத்தினால், மேலே நிற்பது இளகி நீரோடு போகும். உள்ளே இறங்கியது தங்கும். மென்மையான பட்டைத் தூரிகையை நீருக்குள்ளேயே தாளின் மேல் அழுத்தாமல் ஓட்டினால், காவி நிறம் புகை போலக் கிளம்பித் தட்டில் பரவுவதைக் காணலாம். முதன்முறை பார்ப்பவருக்கு ஓவியமே போய்விட்டது என்று தோன்றும். தாளை எடுத்துப் பலகையில் கிடத்தி நீர் வடிந்த பிறகு பார்த்தால், தீட்டியதைவிட வெளிறிய, ஆனால் தாளுக்குள்ளிருந்தே வருவது போன்ற ஒரு நிறம் நிற்கும்.

மங்கலான விளிம்புக்கும் விடை இதில்தான் உள்ளது. காய்ந்த தாளில் தீட்டும்போது நிறமி விளிம்பை நோக்கி ஒதுங்கி, ஓரத்தில் ஒரு கருங்கரையாகக் குவிகிறது. அந்தக் குவியல் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதால், நீரில் அமிழ்த்தும்போது முதலில் போவது அதுதான். ஆகவே தாங்கள் காணும் மென்மை ஈரத்தில் வண்ணத்தை ஓடவிட்டதால் மட்டும் வந்ததன்று. காய்ந்ததைக் கழுவி எடுத்ததாலும் வந்தது. தீட்டுவது, காயவிடுவது, அமிழ்த்துவது, மீண்டும் தீட்டுவது என்று இதைப் பல சுற்றுகள் செய்வார்கள். இடையில் ஈரம் முழுவதும் வற்றாத நிலையில் படம் முழுக்க ஒரே மெல்லிய நிறத்தைப் பரப்புவதும் உண்டு. வாஷ் என்று இம்முறைக்குப் பெயர் வரக் காரணமான அந்தப் பூச்சே ஆடையையும் ஆகாயத்தையும் ஒரே காற்றுக்குள் கொண்டுவருகிறது.

கண்ணும் உதடும் விரலும் கடைசியில் வருபவை. தொடக்கத்தில் இட்ட உருவரை கழுவக் கழுவ மெலிந்து, வழிகாட்டும் நிழலாகவே இருக்கும். எல்லாக் கழுவலும் முடிந்து தாள் எலும்பாய்க் காய்ந்த பிறகு, நுனி மெல்லிய தூரிகையால் அதே இடங்களில் மறுபடி கோடு இழுக்கிறார்கள். அதன்பின் படம் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

ஜோராசங்கோ வாசகி:

தங்கள் கேள்வியின் வரலாற்றுப் பகுதிக்கு வருகிறேன். ‘ஷாஜகானின் மறைவு’ வாஷ் முறையில் வரைந்ததன்று. அது பலகையில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். 1902இல் வரையப்பட்டு, ஆங்கிலேய அரசு நடத்திய தில்லி தர்பார் விழாவை ஒட்டி நடந்த கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆக்ரா கோட்டையில் படுத்திருக்கும் முதிய மன்னர் தலையைத் திருப்பித் தொலைவிலுள்ள தாஜ்மகாலைப் பார்க்கிறார். காலடியில் மகள் ஜகானாரா அமர்ந்திருக்கிறாள். கல்கத்தாவில் பரவிய பிளேக் நோய்க்குத் தம் சிறுமகளைப் பறிகொடுத்த துயரத்தையெல்லாம் அந்தப் படத்தில் கொட்டியதாக அவனீந்திரநாத் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். படத்தில் இறப்பவர் தந்தை, அருகில் இருப்பவள் மகள் என்று வாழ்க்கையில் நடந்தது தலைகீழாகியிருப்பதை எண்ணிப் பார்த்தால், அதைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்கள் பலவற்றையும்விட அதுவே அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

அவர் 1871இல் கல்கத்தாவின் ஜோராசங்கோவில் பிறந்தவர். ரவீந்திரநாத்துடைய சித்தப்பாவின் பேரன். இளமையில் ஒலிண்டோ கிலார்டி என்ற இத்தாலியரிடம் பேஸ்டல் என்னும் வண்ணக்குச்சி ஓவியமும், சார்லஸ் பாமர் என்ற ஆங்கிலேயரிடம் எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் கற்றார். ஆகவே ஐரோப்பிய முறையில் அவருக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. சென்னைக் கலைப் பள்ளியில் பொறுப்பு வகித்துவிட்டு 1896இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குச் சென்ற இ. பி. ஹேவல்தான் முகலாயச் சிற்றோவியங்களின் பக்கம் அவரைத் திருப்பியவர். கொக்கு ஒன்றின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியே தீட்டப்பட்டிருந்ததைக் கண்டு திகைத்துப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார். பழந்தூரிகை ஐயா கடைசியில் இடுவதாகச் சொன்ன அந்த மெல்லிய கோட்டின் மீது அவருக்கிருந்த பற்று அங்கிருந்து வந்தது.

இனி ஜப்பான். ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா 1902இல் இந்தியா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த ஆண்டு அவருடைய மாணவர்களான யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தாவுக்கு வந்து தங்கினர். தைக்கான் வரையும்போது நீரில் நனைத்த பட்டைத் தூரிகையை ஓட்டி வண்ணத்தை இளக வைப்பதை அவனீந்திரநாத் உட்கார்ந்து கவனித்தார். படத்தையே நீரில் மூழ்கடித்தால் என்ன என்று எண்ணியதும், செய்து பார்த்ததும் அவருடைய துணிவு.

நகல் என்று சொல்வதை நான் ஏற்காததற்கு வலுவான காரணம் இன்னொன்றும் உண்டு. தைக்கானும் ஷுன்சோவும் அந்த ஆண்டுகளில் கோடு வரைவதையே துறந்து, நிறங்களின் படிமாற்றத்தால் மட்டும் உருவத்தைக் காட்ட முயன்றுகொண்டிருந்தார்கள்; அதற்காகத் தங்கள் நாட்டில் ‘மங்கல் பாணி’ என்று ஏளனமும் செய்யப்பட்டார்கள். அவர்கள் கைவிட்ட கோட்டை அவனீந்திரநாத் விடவில்லை. மங்கலை அவர்களிடமிருந்தும், கோட்டை முகலாயரிடமிருந்தும், ஒளி ஊடுருவும் வண்ணத்தையும் தாளையும் ஆங்கிலப் பயிற்சியிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கினார். ஜப்பானியர்கள் பட்டிலும் தங்கள் நாட்டுத் தாளிலும் விலங்குப் பசை கலந்த நிறமிகளால் வரைபவர்கள். அந்தப் பொருள்களின் இயல்பே வேறு.

‘பாரத மாதா’ பற்றி ஒரு செய்தி. வங்கப் பிரிவினைக் கிளர்ச்சியின்போது வரைந்த அப்படத்தை முதலில் ‘வங்க மாதா’ என்றே எண்ணியிருந்தார். கேதார்நாத் முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு உழவர் குடிசையிலும் கைவினைஞர் வீட்டிலும் இதன் படி இருக்க வேண்டும் என்று சகோதரி நிவேதிதை எழுதினார். ஆனால் மூலப்படம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறு தாள்தான். மடியில் வைத்துப் பார்க்க வேண்டிய அளவில் வரைந்த ஒன்றை நாம் சுவரொட்டி அளவில் நினைத்துக்கொள்கிறோம்.

செங்காந்தள்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஷாஜகான் படத்திற்கும் அவர் மகளுக்கும் உள்ள தொடர்பை அறிந்தபின் அப்படத்தை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன். பழந்தூரிகை ஐயா சொன்னபடி ஒரு சிறு படத்தை நீரில் இட்டுப் பார்த்தேன். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வரைதாளைத்தான் பயன்படுத்தினேன். இரண்டாம் முறை அமிழ்த்தியபோதே மேற்பரப்பு துகள்துகளாகப் பிரிந்துவிட்டது. நீலம் மட்டும் அசையாமல் அப்படியே நிற்க, செம்மண் நிறம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. தாளைத்தான் மாற்ற வேண்டுமா, அல்லது வண்ணங்களையுமா?

நீலமலைத் தாள்:

இரண்டையும் மாற்ற வேண்டும் சகோதரி. சாதாரண வரைதாள் மரக்கூழால் ஆனது, அதன் இழைகள் குட்டையானவை. நனைந்த நிலையில் தூரிகையின் உராய்வைத் தாங்காது. முழுப் பருத்தித் தாளில், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், மேற்பரப்பு அதிகச் சொரசொரப்பில்லாததை வாங்குங்கள். கனத்தைவிட முக்கியமானது தாளுக்கு ஏற்றியிருக்கும் பசை. பசை குறைவாக இருந்தால் வண்ணம் முழுவதும் உள்ளே உறிஞ்சப்பட்டுக் கழுவுவதற்கு எதுவும் இருக்காது. மிகுதியாக இருந்தால் எல்லாம் மேலேயே நின்று ஒரே அமிழ்த்தலில் போய்விடும். வண்ணம் தொடுவதற்கு முன்பு வெறுந்தாளை ஒருமுறை ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரமும் பசைநாடா ஒட்டிக் காயவிட்டால் மேலுள்ள பசை சற்று இளகித் தாள் பதத்துக்கு வரும். பிறகு பலகையோடு சேர்த்தே படத்தை நனைக்கலாம், தாள் சுருங்காது.

நீலம் நின்றதற்கும் செம்மண் போனதற்கும் காரணம் துகளின் அளவு. பிரஷ்யன் நீலம், தாலோ நீலம் போன்றவற்றின் துகள்கள் மிக நுண்ணியவை. இழைக்குள் சென்று பற்றினால் வராது. மண் நிறமிகள் பருமனானவை, தாளின் பள்ளங்களில் படிந்து நிற்பவை, எளிதில் கழுவப்பட்டுவிடும். எனவே பற்றும் நிறங்களை நீர்க்கக் கலந்தும், மண் நிறங்களைத் தேவைக்கு மேல் அழுத்தமாகவும் தீட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு வண்ணம் உள்ளூரக் காய்ந்திருக்க வேண்டியது கட்டாயம். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் தாள் புறங்கையை வைத்தால் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சி போகும்வரை பொறுத்திருங்கள். எங்கள் ஊர் மழைக்காலத்தில் இதற்கு ஒரு பகல் முழுவதும் ஆகும்.

அவனீந்திரநாத்தின் மாணவர்களில் மைசூரைச் சேர்ந்த கே. வெங்கடப்பா உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் தங்கி வரைந்த நிலக்காட்சிகளையும் தேடிப் பாருங்கள். உண்மையான மூடுபனியை நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டியவர் அவர். ஆசிரியரின் மங்கல் மனத்திலிருந்து வந்தது, மாணவரின் மங்கல் மலைச்சரிவிலிருந்து வந்தது. எனக்கு வெங்கடப்பாவே நெருக்கமானவர்.

சித்திரமாடம்:

இதுவரை சொல்லப்பட்டவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆயினும் வாஷ் முறையை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது, அது வங்கத்திலும் வெளியிலும் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எதை வரைந்தாலும் நீரில் நனைத்துப் பழுப்பும் சாம்பலுமாக மங்கவைத்து, சோர்ந்த கண்களும் நீண்ட விரல்களுமாக உருவங்களை நிறுத்தினால் இந்திய ஓவியம் ஆகிவிடும் என்ற வாய்பாடு பல ஆண்டுகள் நிலவியது. முதன்மை மாணவர் நந்தலால் போஸ் பின்னாளில் பசையோ முட்டைக்கருவோ கலந்து தீட்டும் டெம்பராவிலும் சுவரோவியத்திலும் கவனம் செலுத்தினார். மற்றொரு மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல்வராக வந்து நெடுங்காலம் இருந்தார். ஆனால் நம் நினைவில் அவர் மெரினாவின் உழைப்பாளர் சிலையாகத்தான் நிற்கிறார். கட்டான தசையும் நகர்த்தப்படும் பாறையுமாக இருக்கும் அந்தச் சிலையில் ஆசிரியரின் மங்கலுக்கு இடமே இல்லை.

பழந்தூரிகை:

சித்திரமாடம் ஐயா சொல்வது பின்பற்றியவர்களுக்குப் பொருந்தும். அவனீந்திரநாத்துக்குப் பொருந்தாது என்று உறுதியாகக் கருதுகிறேன். 1930இல், ஏறக்குறைய அறுபது வயதில், அவர் வரைந்த அராபிய இரவுகள் வரிசை ஓவியங்களைப் பாருங்கள். அங்கே சோர்வும் இல்லை, வெறும் புகையும் இல்லை. பாக்தாத் கதை என்று பெயர். ஆனால் மாடிகளும் சாளரங்களும் கடைகளும் மனிதக் கூட்டமும் தம் வீட்டு மாடத்திலிருந்து அவர் பார்த்த கல்கத்தாவுடையவை. தாகூர் குடும்பத்தின் பழைய வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகைகூட ஒரு படத்தில் எட்டிப் பார்க்கிறது. அத்தனை நெரிசலையும் ஒரே தாளில் அடுக்கி, கண் தடுமாறாமல் பார்க்க வைப்பது அந்த அடிநிற வாஷ்தான். சுவரும் துணியும் முகமும் ஒரே நிறத்தைச் சிறிது குடித்திருப்பதால் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் படம் சிதறுவதில்லை. முறை ஒன்றுதான், 1905இல் ஓர் உருவத்தைத் தனியே ஒளியில் நிறுத்தப் பயன்பட்டது, 1930இல் ஒரு நகரத்தையே சேர்த்துக் கட்டப் பயன்பட்டது.

செங்காந்தள் அம்மாவுக்கு ஒரு யோசனை. பருத்தித் தாள் வாங்கியதும் நேரே உருவ ஓவியத்தில் இறங்காமல், தங்களிடமுள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு விரல் அகலப் பட்டையாக ஒரே தாளில் தீட்டுங்கள். காய்ந்தபின் தாளின் பாதியை மட்டும் நீரில் அமிழ்த்தி எடுத்து, நனைந்த பாதியையும் நனையாத பாதியையும் ஒப்பிடுங்கள். எந்த நிறம் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளின் படத்தை இங்கே இட்டால், எந்த நிறத்தை எந்தச் சுற்றில் வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.