செல்லி உறுமிய அந்த ராத்திரி

எங்கள் நாய் செல்லிக்கு நாலு வயசு. எட்டு வாரக் குட்டியாக வந்தவள், வீட்டில் யாரிடமும் பல்லைக் காட்டியதே இல்லை. போன வருடம் ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள், சாப்பாடு வைத்தும் அசையவில்லை. குனிந்து பார்த்தால் ஒரு பழைய துணிப் பொம்மையையும் என் மகளின் ஒற்றைச் செருப்பையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். செருப்பை எடுக்கக் கையை நீட்டினேன், உறுமினாள். அதட்டிவிட்டுப் பிடுங்கினேன், கையில் பல் பதிந்தது. ரத்தம் வரவில்லை. ஆனாலும் வந்த ஆத்திரத்தில் அவளை வெளியே கட்டிப் போட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

மறுநாள் பார்த்தால் மடி வீங்கி, காம்பில் பால் கசிகிறது. ஆண் நாய் பக்கத்தில்கூட வந்ததில்லை, அப்புறம் எப்படி? டாக்டர் ஸ்கேன் செய்து, வயிற்றில் குட்டி இல்லை, இது பொய்ச் சினை, சினைப்படாமலே உடம்பு சினை மாதிரி நடந்துகொள்வது என்றார். கடைசியாக எப்போது ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்தாள் என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் ஏழு வாரம்.

பெண் நாய்க்கு ஹீட் முடிந்த பிறகு, சினைப்பட்டாலும் படாவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற சினைக்கால ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்குமாம். உண்மையான சினைக்காலமும் ஏறக்குறைய 63 நாள்தான். புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறுகிறது. பால் சுரக்க வைப்பதும், குட்டி போட இடம் தேடிப் பறிக்க வைப்பதும், கையில் கிடைத்ததைக் குட்டியாக எண்ணிக் காக்க வைப்பதும் அதுதான். அவள் உடம்பு அவளைத் தாய் என்றே நம்பியிருக்கிறது, நான் போய் அவள் குட்டியைப் பிடுங்கியிருக்கிறேன்.

பாலைக் கறந்துவிடாதீர்கள் என்றார் டாக்டர். மடியைத் தொடத் தொடச் சுரப்பு கூடும், அவளே நக்காமல் இருக்கவும் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னார். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும், ரொம்ப அவதிப்பட்டால் புரோலாக்டினைக் குறைக்க கேபர்கோலின் என்ற மருந்து இருக்கிறது, அது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. உடனே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா என்று கேட்டேன். இந்த நேரத்தில் செய்தால் இதே நிலை நீடிக்கலாம், முழுக்க அடங்கட்டும் என்றார்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே எங்கள் லாப்ரடார் நாய்தான் கண்முன் வந்தான். சாப்பிட்ட அஞ்சு நிமிஷத்தில் மறுபடி தட்டை நக்குவான், குப்பைக் கூடையைக் கவிழ்ப்பான், வளர்ப்பு சரியில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைச் சொல்வார்கள், நான் அவனைத் திட்டுவேன். 2016ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததை அப்புறம்தான் படித்தேன். லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் வழியே அதனால் சரியாக வேலை செய்வதில்லை. வழிகாட்டி நாய் மாதிரி உதவிக்குப் பழக்குகிற லாப்ரடார்களில் இது இன்னும் அதிகம், தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் என்பதால் இருக்கலாம். எங்கள் நாய்க்கு அந்தக் குறை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் திட்டுவதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கான உணவை அளந்து ஆறு வேளையாகப் பிரித்து, பாதியை மோப்பம் பிடித்துத் தேடும்படி ஒளித்து வைக்கிறேன். கூடைக்கு மூடி போட்டாயிற்று. செல்லி இப்போது எப்படி இருக்கிறாள்?

* * *

நல்லா இருக்கிறாள் தம்பி. டாக்டரிடமிருந்து வந்ததும் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலேயே திருப்பி வைத்தேன். பொம்மை, செருப்பு எல்லாவற்றையும் மெல்ல அப்புறப்படுத்துவது நல்லது என்றுதான் அவர் சொன்னார், அவள் நடக்கப் போகும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன், கையிலிருந்து பிடுங்கவில்லை. செருப்பை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. 18ஆம் நாள் அவளே அதை விட்டுவிட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, என் காலடியில் வந்து படுத்தாள்.