கருநீலக் காரில் போர் தண்ணீர்க் கறை: கழுவக் கழுவ வெள்ளைப் புள்ளி கூடுகிறது, என்ன செய்யலாம்?

ஓடம்போக்கி (திருவாரூர்):
வணக்கம். கருநீல ஹேட்ச்பேக், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டு வாசலிலேயே வைத்துத்தான் கழுவுகிறேன். கழுவிக் காய்ந்ததும் பானெட்டிலும் கூரையிலும் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை தெரிகிறது. துளி நின்ற இடத்தில் ஓரம் மட்டும் கெட்டியாக, நடுவில் லேசாக இருக்கிறது. கதவுகளில் குறைவு. கண்ணாடியிலும் உண்டு. சைடு மிரருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

கார் ஷாம்பூதான் போடுகிறேன், துணிப்பவுடர் எல்லாம் கிடையாது. போர் தண்ணீர், ஓஸ் பைப்பில் அடித்துவிட்டுப் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். கிழக்கு பார்த்த வீடு, காலை ஏழரைக்கெல்லாம் வாசலில் வெயில் இறங்கிவிடும். சம்பா அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல்லைக் கொட்டித் தூற்றுகிறார்கள், பதரும் தூசும் காரில் அப்பிக்கொள்கிறது, அதனால் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது. அப்போதுதான் இந்தக் கறை அதிகமானது.

சர்வீஸ் விட்ட இடத்தில் கேட்டதற்கு "செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சாம், பெரிய தொகை. போட்டால் இந்தக் கறை போகுமா? எலுமிச்சம்பழம் தேய்க்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது சரியா?

பாமணிக்கரை (மன்னார்குடி):
செராமிக் பற்றி அப்புறம் பேசலாம் சார், முதலில் தண்ணீரைப் பாருங்கள். நீங்கள் சொல்வது அப்படியே உப்புக்கறை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரோடு ஆவியாகாது. துளி ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வரும்போது உப்பெல்லாம் ஓரத்தில் சேர்ந்துவிடும், அதனால்தான் வளையம். எவ்வளவு நல்ல ஷாம்பூ போட்டாலும் கடைசியில் அலசுவது அதே தண்ணீர் என்றால் வளையம் விழத்தான் செய்யும்.

குடிநீர் கேன் போடும் கடையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி), ஒரு பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுபோனால் உடனே பார்த்துச் சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. அது குடிக்க, கருநீல பெயின்ட்டுக்கு 500-ஏ அதிகம். 1500 என்று வந்தால் ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் கரைந்த உப்பு என்று அர்த்தம். அலசியபின் கார் மேல் அரை லிட்டர் நின்று காய்ந்தால்கூட முக்கால் கிராம் உப்பு அங்கேயே தங்கிவிடும்.

இன்னும் ஒன்று சொல்லுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தவுடன் கழுவுவீர்களா, இல்லை நின்ற வண்டியையா? விரலால் தடவினால் கறை சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறதா?

வெண்ணாறு:
எதற்கு இவ்வளவு? ஆற்றில் தண்ணீர் வரும்போது படித்துறைக்குக் கொண்டுபோய்க் கழுவுங்கள். ஆற்றுத் தண்ணீரில் உப்பே கிடையாது, எங்கள் ஊரில் டிராக்டர், டெம்போ எல்லாம் அங்கேதான் குளிக்கும்.

பாமணிக்கரை (மன்னார்குடி):
உப்பு குறைவுதான், ஆனால் வேண்டாம் சார். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது அது கலங்கிச் செம்மண் நிறத்தில் வரும். அந்த நைஸ் மணல் துணியில் ஒட்டிக்கொண்டு பெயின்ட்டில் மெல்லிய கீறல் போட்டுவிடும், கருநீலத்தில் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். அதைவிட முக்கியம், வண்டியிலிருந்து இறங்கும் ஆயிலும் கிரீஸும் ஷாம்பூவும் நேராக ஆற்றுக்குள் போகிறது. அதே படித்துறையில்தான் கீழே நாலு பேர் குளிக்கிறார்கள், அதே தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறது. தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பெயின்ட் பட்டறை (தஞ்சாவூர்):
தம்பி, நான் டிங்கரிங், பெயின்ட் வேலை பார்க்கிறவன். கறையில் இரண்டு வகை உண்டு, அதைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் தேய்க்காதீர்கள். பெயின்ட் மேலே உப்பு உட்கார்ந்திருப்பது ஒன்று. அந்த உப்பு வெயிலில் சூடாகி, நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர்கோட்டைத் தின்று குழி போட்டுவிட்டது இன்னொன்று. முதலாவது கரையும். இரண்டாவதை எதைப் போட்டாலும் கரைக்க முடியாது, ஏனென்றால் அங்கே கரைய ஒன்றும் இல்லை.

சோதிக்க வினிகர் போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு. நிழலில், பானெட் கையில் குளுமையாகப் படும்போது, காரை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு மெல்லிய துணியை அதில் நனைத்துக் கறை மேல் போர்த்துங்கள். ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. காய விடக்கூடாது. எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பூ தொட்டு மறுபடி கழுவித் துடைத்துவிடுங்கள். முதலில் உள்ளங்கை அகலம் ஓர் இடத்தில் மட்டும் பாருங்கள். கறை போனால் உப்பு, அப்படியே நின்றால் பெரும்பாலும் குழி.

எலுமிச்சை வேண்டாம். அமிலம்தான், ஆனால் எவ்வளவு வீரியம் என்று தெரியாது, சதை திப்பி திப்பியாக ஒட்டும், வெயில் பட்டால் காய்ந்து அதுவே புதுக்கறை. சிலர் கக்கூஸ் கழுவும் ஆசிடைத் தண்ணீர் கலந்து தேய்க்கிறார்கள், அதைக் கனவிலும் செய்யாதீர்கள். குரோம் கறுத்துப்போகும், அலாய் வீல் போய்விடும், போல்ட் எல்லாம் துருப்பிடிக்கும். அப்படிப் பாழான வண்டிகள் என் பட்டறைக்கு வருகின்றன, பார்க்கவே வயிறு எரியும்.

ஓடம்போக்கி (திருவாரூர்):
ரொம்ப நன்றி அண்ணா. தண்ணீர் பார்த்தேன், டிடிஎஸ் 1640. வினிகர் வைத்ததில் கதவிலும் டிக்கியிலும் கறை சுத்தமாகப் போய்விட்டது, நம்பவே முடியவில்லை. கூரையிலும் முக்கால்வாசி போய்விட்டது. பானெட்டில் மட்டும் வளையம் அப்படியே நிற்கிறது. தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சாய்த்து வெளிச்சம் அடித்தால் தெரிகிறது. பாமணிக்கரை சார் கேட்டது சரிதான், பெரும்பாலும் சந்தைக்குப் போய்விட்டு வந்து, பானெட் சூட்டோடுதான் கழுவுவது.

இன்னொரு சந்தேகம். வீட்டில் ஆர்ஓ இருக்கிறது. அதிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்காமல் பக்கெட்டில் பிடித்துக் கார் கழுவலாமா?

பாமணிக்கரை (மன்னார்குடி):
அந்தத் தண்ணீரை மட்டும் காரில் விடவே கூடாது! நிறைய வீட்டில் நல்லெண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள். ஆர்ஓ சுத்தத் தண்ணீரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு உப்பை எல்லாம் கழிவுத் தண்ணீரில்தான் தள்ளுகிறது. உள்ளே 1640 போய்ப் பாதி சுத்தமாகி வந்தால், மீதிப் பாதியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பு இருக்கும். அதை வாசல் கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக்கூட தினமும் ஊற்றாதீர்கள்.

கார் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை. மண்ணை அடித்து இறக்குவது, ஷாம்பூ, முதல் அலசல் எல்லாம் போர் தண்ணீரிலேயே இருக்கட்டும். ஒரே நிபந்தனை, எந்த இடமும் நடுவில் காயக்கூடாது. கூரை முடித்து அலசி, அப்புறம் பானெட், அப்புறம் ஒரு பக்கம் என்று போங்கள். கடைசி அலசலுக்கு முன் ஓஸ் வாயில் இருக்கும் ஸ்பிரே கன்னைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெல்லக் கூரையின் உச்சியிலிருந்து வழியவிடுங்கள். வேகமாக அடித்தால் துளித்துளியாகச் சிதறி நிற்கும். மெல்ல விட்டால் ஒரே படலமாக இறங்கி, தன்னோடு துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். இதிலேயே பாதிக் கறை குறையும்.

அதற்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் ஐந்து லிட்டர் கைத்தெளிப்பானில் ஊற்றி அடித்தால் போதும். ஆர்ஓவின் சுத்தத் தண்ணீர், இல்லை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஏசித் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு இல்லை, நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கு ஒரு வாளி சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரையும் பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கலாம், முதல் மழையைத் தவிர்த்துவிடுங்கள். தெளிப்பான் புதிதாக வாங்குங்கள், வயலுக்கு மருந்தடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம், அந்தச் சாரலை நீங்கள்தான் மூச்சில் இழுப்பீர்கள்.

வேட்டித் துணிக்குப் பதில் பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று. விரித்துப் போட்டு உங்கள் பக்கம் இழுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். நேரம், மாலை வெயில் தாழ்ந்தபின். வண்டி வந்து ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

உப்பளக்காற்று (வேதாரண்யம்):
தம்பி, எங்கள் பக்கம் கடல் காற்று. அது விடும் கறை சாதாரண உப்பு, நல்ல தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும், வினிகர் எல்லாம் வேண்டாம். ஆனால் துரு பிடிக்கும். கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே போன தண்ணீர் வடிய. அதில் வைக்கோல் தூசும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். உங்களுக்கும் பதர் ஒட்டுகிறது என்கிறீர்கள், ஒரு பல்குத்தும் குச்சி வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தால் அதன் மேல் ஓட்டிவிட்டு வந்ததும் குனிந்து வண்டிக்கு அடியிலும் பாருங்கள். சைலன்சரில் சுற்றிக்கொண்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும். கழுவுவதைவிட இது அவசரம்.

பெயின்ட் பட்டறை (தஞ்சாவூர்):
பானெட்டில் இருப்பது குழிதான் தம்பி. எஞ்சின் சூட்டோடு உப்புத் தண்ணீர் பட்டால் அங்கேதான் முதலில் விழும். பயப்பட வேண்டாம், ஆழம் இல்லையென்றால் கையாலேயே எடுக்கலாம். ஃபினிஷிங் பாலிஷ் என்று கேட்டு வாங்குங்கள், ரப்பிங் காம்பவுண்ட் வேண்டாம், அதில் சொரசொரப்பு அதிகம். கிளியர்கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடித் தடிமன்கூட இல்லை. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதில்தான் கொஞ்சம் போகிறது.

ஒரு சாண் சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோம் பேடில் பட்டாணி அளவு இரண்டு மூன்று சொட்டு, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை, மிதமான அழுத்தம். துடைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பானெட் மடிப்பின் ஓரங்களில் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் மெலிதாக இருக்கும். இரண்டு மூன்று சுற்றிலும் போகவில்லையென்றால் நிறுத்திவிட்டு, மெஷின் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். விடாப்பிடியாகத் தேய்க்க வேண்டாம்.

செராமிக் கேட்டீர்களே. குழியை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் குழியும் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அதோடு கோட்டிங் போட்ட பெயின்ட்டில் தண்ணீர் உருண்டு உருண்டு நிற்கும், அதே போர் தண்ணீரை அதே வெயிலில் காயவிட்டால் அதிலும் வளையம் விழும். நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. பாலிஷ் முடித்து ஒரு சாதாரண வாக்ஸ் போடுங்கள். கறை வாக்ஸ் மேல் உட்காரும், பெயின்ட்டைத் தொட நேரமாகும், அதற்குள் நீங்கள் துடைத்துவிடலாம்.

ஓடம்போக்கி (திருவாரூர்):
அண்ணா, பானெட் மூலையில் ஒரு சாண் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது சுற்றிலேயே வளையம் போய்விட்டது. மீதியை நிதானமாகச் செய்கிறேன். மாலையில் கழுவி ஏசித் தண்ணீர் அடித்ததில் புதிதாகக் கறையும் விழவில்லை. முன் கண்ணாடியில் மட்டும் வினிகர் வைத்தும் வைப்பர் ஓடும் வளைவுக்கு வெளியே கொஞ்சம் நிற்கிறது. இதே பாலிஷை அங்கே போடலாமா?

பெயின்ட் பட்டறை (தஞ்சாவூர்):
போடாதீர்கள், பெயின்ட் பாலிஷ் கண்ணாடியில் வேலை செய்யாது, எண்ணெய்ப் பிசுக்குத்தான் மிஞ்சும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பரவித் தெரியும். கண்ணாடிக்கென்று சீரியம் ஆக்சைடு கலந்த பாலிஷ் தனியாக வருகிறது, அதை ஈரம் காயாமல் ஃபோம் பேடில் தேய்த்து அலசுங்கள். வைப்பர் ரப்பரையும் தூக்கி ஷாம்பூத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள், அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் கண்ணாடியைக் கீறும்.