மறு: டம்ப் – கொட்டலா, படியா, திரட்டா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டு, கிளை பிரிந்து, நடுவில் சந்திப் பிழை பற்றிய சண்டை ஒன்றும் முடிந்துவிட்டது. ஆகவே எல்லா மடல்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். ஓப்பன்பிஎம்சியின் இணைய இடைமுகத்துக்குத் தமிழ் மொழிக்கோப்பு தயாரிக்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தேன். உணரிகள், பயனர் கணக்குகள், வலையமைப்பு எல்லாம் ஓரளவு முடிந்தன. ‘டம்ப்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று முடிவாகாததால் ‘டம்ப்ஸ்’ என்ற பக்கம் மட்டும் நகர மறுக்கிறது.

இத்துறையில் இல்லாத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக. சேவையகத்தின் தாய்ப்பலகையில் பெரிய செயலிக்குப் பக்கத்தில் பிஎம்சி என்ற சிறு கணினி ஒன்று இருக்கிறது. பெரிய கணினி அணைந்து கிடந்தாலும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை இது விழித்திருக்கும். விசிறியின் வேகம், வெப்பநிலை, மின்வழங்கல், தொலைவிலிருந்து இயக்குவது, நிறுத்துவது ஆகியவை இதன் பொறுப்பு. இதற்குள் ஓடும் நிலைபொருளைத் திறமூலமாக எழுதுவதுதான் ஓப்பன்பிஎம்சி திட்டம். 2018 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. பிஎம்சிக்குள் ஒரு நிரல் விழுந்தாலும், பெரிய கணினியே நிலைகுலைந்தாலும், அந்த நேரத்து நிலவரத்தை வாரிச் சேர்த்து, சுருக்கிக் கட்டி, எண் கொடுத்து வைப்பார்கள். அதுதான் டம்ப்.

> டம்ப் என்றால் கொட்டுதல். ‘நினைவகக் கொட்டல்’ என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே. ஏற்கெனவே சில பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இது சரியான சொல்லாகவே இருந்திருக்கும். ஃபெரைட் வளையங்களைக் கோத்து நினைவகம் செய்த நாட்களில், நிரல் நின்றுபோனால் நினைவகத்தில் இருந்த எண்கள் முழுவதையும் எண்மத்தில் (எட்டடிமான எண்களில்) அச்சடித்துக் காகிதக் கட்டாகத் தள்ளுவார்கள். அது கொட்டல்தான். இன்று நடப்பது அதற்கு நேர்மாறானது. ஓப்பன்பிஎம்சியில் இந்த வேலையைச் செய்கிற டிரிப்போர்ட் என்ற கட்டளைநிரலைத் திறந்து பாருங்கள். அதன் கீழே சின்னச் சின்ன நிரல்கள் வரிசையாக இருக்கும்: ஒன்று சேவைகளின் பதிகையை (லாக்) எடுக்கும், ஒன்று தோற்றுப்போன சேவைகளைப் பட்டியலிடும், ஒன்று நினைவகப் பயன்பாட்டைக் குறிக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கருத்துவரி: எந்தெந்த வகை டம்ப்புக்கு இது ஓட வேண்டும், முன்னுரிமை எத்தனை என்று எண்களால் எழுதியிருக்கும். காரணம் இடப் பஞ்சம். மூலநிரலில் இயல்பாக வரும் அளவுப்படி ஒரு டம்ப் 200 கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது, எல்லாம் சேர்ந்து 1024 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. பெரிய சேமிப்பகம் உள்ள வன்பொருளில் இதைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு. இத்தனை கணக்குப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதைக் கொட்டல் என்றால், நகைக்கடையில் எடை போடுகிறவரைப் பார்த்துக் குவிக்கிறார் என்று சொல்வது போலாகும்.

‘நினைவக’ என்ற அடைமொழியும் உதவாது. இன்டெல் செயலிகளில் கடும் பிழை நேர்ந்தால், பிஎம்சி பக்கவழியாகப் பெசி என்ற இணைப்பின் மூலம் செயலியின் பதிவகங்களை (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களை) படித்து ஜேசன் என்ற உரைவடிவக் கோப்பாக எழுதி வைக்கிறது. அதன் பெயரும் கிராஷ்டம்ப்தான். ஆனால் முதன்மை நினைவகத்திலிருந்து எடுத்த உருநகல் அல்ல அது. ஐபிஎம் பவர் கணினிகளிலோ கதை தலைகீழ். அங்கே ‘சிஸ்டம் டம்ப்’ உண்மையிலேயே நினைவகம்தான், ஆனால் அது பிஎம்சியில் இருக்காது. பெரிய கணினியின் நினைவகத்திலேயே பாதுகாத்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு நேராக மேலாண்மைக் கணினிக்கு அனுப்புகிறார்கள். பிஎம்சியிடம் இருப்பது ஒரு பதிவு எண்ணும் அளவும் நிலையும் மட்டுமே. ஆக, ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் மூன்றுக்கும் அது பொருந்த வேண்டும்.

> கோர் டம்ப் என்பதற்குக் ‘கருக்கொட்டல்’…

இதை விட்டுவிடுவோம். அந்தக் கோர் மேலே சொன்ன ஃபெரைட் வளையம். கருவும் இல்லை, மையமும் இல்லை. தவிர, தமிழில் இதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தால் மருத்துவமனை நினைவுதான் வருகிறது.

> கல்வெட்டில் தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பதை மைப்படி என்போம். கல்லில் உள்ளது உள்ளபடி தாளுக்கு வரும். படிப்பது பிறகு, ஆற அமர. நீங்கள் சொல்வதும் அதுதானே? ‘முறிவுப்படி’ என்று வைக்கலாம்.

கல்வெட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவின் இந்த மடல்தான் இழையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. களத்தில் எடுப்பது ஒருவர், மேசையில் வாசிப்பது இன்னொருவர் என்ற பிரிவினை இங்கேயும் அப்படியே இருக்கிறது. தரவு மையத்தில் இருப்பவர் கோப்பை எடுத்து அனுப்புவார். அதைப் பிரித்துப் பார்ப்பவர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார். மூலத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும் என்ற கவலையும் ஒன்றே.

இருந்தாலும் இரண்டு தடைகள், ஐயா. பயணப்படி, அகவிலைப்படி என்று பழகிய கண்ணுக்கு முறிவுப்படி என்றால் சேவையகம் விழுந்த மாதத்தில் சம்பளத்தோடு வரவேண்டிய ஏதோ ஒன்றாகத் தோன்றுகிறது. (வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.) இது சிரித்துவிட்டுக் கடக்கக் கூடியது. இரண்டாவது அப்படியல்ல. மைப்படி ஒரே கல்லின் ஒரே முகத்தை அப்படியே ஒற்றி எடுக்கிறது. டிரிப்போர்ட் தருவதோ பல இடங்களில் துளித்துளியாக எடுத்தவற்றின் கட்டு. அதில் பாதி அந்த நொடியில் கட்டளை ஓட்டிப் பெற்ற விடை. அதைப் படி என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கோர் டம்ப்புக்கு, அதாவது விழுந்த நிரலின் நினைவகத்தை உள்ளது உள்ளபடி எடுத்த கோப்புக்கு, ‘நினைவகப்படி’ மிகப் பொருத்தம். அந்த ஒன்றுக்கு உங்கள் சொல்லையே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

> ‘தடயம்’ நல்ல சொல். தடயக்கோப்பு?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. பிறகு இடைமுகத்தில் பொருத்திப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் பயனரே பொத்தானை அழுத்தி டம்ப் கேட்கலாம். எதுவும் உடைந்திருக்காது, பராமரிப்புக்கு முன் நிலவரத்தை எடுத்து வைக்கலாம் என்றுகூடக் கேட்பார்கள். குற்றமே நடக்காத இடத்தில் ‘தடயம் உருவாக்கு’ என்று பொத்தான் இருந்தால் காவல்துறையினர் என்ன நினைப்பார்கள்? மேலும் ‘டிரேஸ்’ என்பதற்குத் தடம் என்று இதே குழுவில் முடிவு செய்திருக்கிறோம். தடமும் தடயமும் ஒரே திரையில் அடுத்தடுத்து நின்றால் களத்தில் குழப்பம்தான்.

என் பரிந்துரை ‘திரட்டு’. பாடல் திரட்டு, சொற்றிரட்டு என்று தமிழில் இச்சொல் பல இடங்களிலிருந்து தேடிச் சேர்த்த தொகுப்பைக் குறித்துவருகிறது. நினைவகம், பதிவகம், பதிகை எதுவானாலும் இதில் அடங்கும். பெயராகவும் ஏவல் வினையாகவும் ஒரே வடிவம் நிற்பதால் பொத்தானில் ‘திரட்டு’ என்றும் பட்டியல் தலைப்பில் ‘திரட்டுகள்’ என்றும் எழுதலாம். பிஎம்சி திரட்டு, முறைமைத் திரட்டு (சிஸ்டம் டம்ப்), முறிவுத் திரட்டு (கிராஷ்டம்ப்) என்று அடை சேர்ப்பதும் எளிது. இன்னொரு வசதி: இதை உருவாக்கும் நிரலுக்கு ‘கலெக்டர்’ என்று பெயர். வலைப்பதிவுக் காலத்தில் திரட்டி என்ற சொல்லைப் பழகாத தமிழ் இணைய வாசகர் உண்டா? அந்தத் திரட்டி இங்கேயும் கைகொடுக்கும். மாவட்ட ஆட்சியர் என்று யாராவது எந்திர மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துப் போடுவதற்குள் இதை உறுதிசெய்துவிட வேண்டும்.

> பெயர்ச்சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம். ‘ரிட்ரீவ்’ என்பதற்கு மீட்டெடு என்று எளிதாகப் போட்டுவிடலாம்.

அம்மா, இதில்தான் எனக்குக் கடும் மறுப்பு. பெயர்ச்சொல் சற்று ஒட்டாமல் போனால் பயனர் முகம் சுளிப்பார்; வினைச்சொல் தவறினால் சேவையகம் போய்விடும். நள்ளிரவில் எச்சரிக்கை வந்து எழுந்த ஒருவர் இந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஒரு திரட்டு, அதன் நேரம், பக்கத்தில் ‘மீட்டெடு’ என்ற பொத்தான். காப்புநகலிலிருந்து மீட்டெடுப்பது அவருக்குப் பழக்கம். அழுத்தினால் சேவையகம் அந்த நேரத்து நிலைக்குத் திரும்பிவிடும் என்று அஞ்சி அழுத்தாமல் விடுவார், அல்லது திரும்பிவிடும் என்று நம்பி அழுத்திவிட்டுக் காத்திருப்பார். இரண்டும் வீண். கோப்பு அவர் கணினிக்கு வரப்போகிறது, அவ்வளவுதான். ‘பதிவிறக்கு’ போதும். ஆவணத்தில் பொதுவாகச் சொல்லும்போது ‘பெறுதல்’.

சேவையகங்களைத் தொலைவிலிருந்து மேலாளப் பயன்படும் ரெட்ஃபிஷ் நெறிமுறையின் வழி இது நடக்கும் விதத்தைப் பார்த்தால் வினைகள் தாமே பிரிந்து நிற்கின்றன. நோயறி தரவைத் திரட்டச் சொல்லி ஒரு கோரிக்கை போகிறது. உடனே கோப்பு வராது. ‘பணி எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று பணி எண் ஒன்று வரும். அது முடிந்ததும் பதிவு உருவாகும். அந்தப் பதிவின் இணைப்பிலிருந்து கோப்பை இறக்க வேண்டும். பிறகு தேவையில்லை என்றால் நீக்க வேண்டும். கோருவது, திரட்டுவது, இறக்குவது, நீக்குவது: நான்கும் நான்கு வேறு செயல்கள். ஆங்கிலப் பக்கத்திலேயே முதலிரண்டும் கலந்து கிடப்பதால்தான் பொத்தானை அழுத்திவிட்டு ‘கோப்பு எங்கே?’ என்று கேட்கிறார்கள். நாம் ‘திரட்டத் தொடங்கு’ என்று எழுதினால் அந்தக் கேள்வி குறையும்.

ஐந்தாவதாக ‘ஆஃப்லோட்’. திரட்டை மேலாண்மைக் கணினிக்கு அனுப்பி முடித்ததும் பதிவில் ஒரு கொடி (ஆம்/இல்லை குறி) மாறும், பதிவு நீங்காது. இறக்கு என்றால் பதிவிறக்கத்தோடு மோதும், வெளியேற்று என்றால் அழிந்ததாகப் பொருள்படும். ‘ஒப்படை’ என்று முன்வைக்கிறேன். ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று நிலைப் பத்தியில் பார்த்தால், கோப்பு இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது விளக்கமில்லாமல் புரியும்.

நீக்குவதைப் பற்றி ஒரு சொல். பெயர் வேண்டாத ஒரு தரவு மையத்தில் நான் பார்த்தது. பிஎம்சியில் ஒரு சேவை விழுந்து, தானாக எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் நினைவகப்படி ஒன்று கோப்புறையில் விழும்; அந்தக் கோப்புறையைக் கண்காணிக்கும் நிரல் உடனே ஒரு திரட்டை உருவாக்கும். ஒதுக்கீடு நிரம்பியது. ‘ஒதுக்கீடு கடந்துவிட்டது’ என்று புதியதை மறுக்கும் வகையில் வைத்திருந்தால் முதல் திரட்டாவது மிஞ்சியிருக்கும். அங்கே பழையதைச் சுழற்சியில் கழிக்கும்படி அமைத்திருந்தார்கள். காலையில் பொறியாளர் கையில் கிடைத்தவை அனைத்தும் கடைசிச் சில விழுகைகளின் திரட்டுகள், ஒன்றின் மறு அச்சு இன்னொன்று. முதல் விழுகைக்கு முன் என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே திரட்டு சுழற்சியில் போயிருந்தது. ஆகவே அந்த அமைப்புக்கு ‘சுழற்சி’ என்று மட்டும் அழகாக எழுதிவிட்டுப் போக முடியாது. ‘பழைய திரட்டுகளைத் தானாக நீக்கு’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும். நீளம் திரையில் இடிக்கிறது என்றால் திரையை மாற்றிக்கொள்ளட்டும்.

இதே காரணத்தால் ‘சிஸ்டம் டம்ப்’ பக்கத்தில் வரும் எச்சரிக்கைக்கு ‘இடையூறானது’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். ஒலிபெருக்கிச் சத்தம்கூட இடையூறுதான். அங்கே நடப்பது ஓடிக்கொண்டிருக்கும் சேவையகம் நிற்பது. ‘முறைமைத் திரட்டு – சேவையகம் நின்றுவிடும்’ என்று எழுதுவோம்.

> கிராஷ் என்பதற்குச் செயலிழப்புதானே பரவலாக இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் ஓர் அமைப்பை நாமாக அணைப்பதற்கும் ‘செயலிழக்கச் செய்’ என்று பல இடைமுகங்களில் எழுதிவிட்டார்கள். வேண்டுமென்றே அணைத்ததும் தானாக விழுந்ததும் ஒரே சொல்லில் வரக் கூடாது. முறிவு என்றால் வழுத்திருத்தத்தில் வரும் முறிவுப்புள்ளியோடு (பிரேக்பாயின்ட்) உரசும் என்று ஒரு நண்பர் சுட்டியது சரி. அதற்கு நிறுத்தப்புள்ளி என்ற மாற்று நம் பட்டியலிலேயே இருப்பதால் முறிவை இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

> பொறியாளர்கள் எல்லோரும் டம்ப் என்றுதான் பேசுகிறார்கள். அப்படியே விட்டால் என்ன?

பேசட்டும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். பஸ்ஸை எழுதுவது போல டம்ப்பையும் எழுதலாம் என்பதில் எனக்குக் கொள்கைப் பகை இல்லை. ஆனால் பஸ் ஊருக்கே தெரியும். டம்ப் என்ற எழுத்தைப் பார்த்தால் இத்துறைக்குப் புதிதாக வரும் டிப்ளமா மாணவருக்கு ஒன்றும் விளங்காது. திரட்டு என்றால் பாதியாவது விளங்கும். இந்த மொழிக்கோப்பு முதன்மையாக அவருக்குத்தான். உதவி ஆவணத்தில் முதல் இடத்தில் ‘டம்ப் எனப்படும் திரட்டு’ என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். தேடுபொறியில் தேடுகிறவருக்கும் அது உதவும்.

மாற்றுக் கருத்து வராவிட்டால் வரும் ஞாயிறு இரவு இவற்றை மொழிக்கோப்பில் ஏற்றிவிடுவேன்: திரட்டு, நினைவகப்படி, முறிவுத் திரட்டு, திரட்டி, திரட்டத் தொடங்கு, பதிவிறக்கு, ஒப்படை, ஒதுக்கீடு. ‘நினைவகப்படி’ என்பதை ‘நினைவகத்தின்படி’ என்று யாராவது படிப்பார்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஐயா இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும். ‘செக்ஸ்டாப்’ (கடும் வன்பொருள் பிழையில் செயலி நின்றுபோவது), ‘ராமூப்ஸ்’ (லினக்ஸ் கருநிரல் விழும்போது அதன் பதிகையை நினைவகத்தில் காப்பது) இரண்டையும் தனி இழையில் வைத்துக்கொள்வோம். குறிப்பாக இரண்டாவதைத் திறப்பதற்கு முன் தமிழாசிரியர்கள் காபி குடித்துவிட்டு வரவும்.

அன்புடன்,
மொழிக்கோப்புப் பொறுப்பாளர்