கூவத்தில் நின்ற தூண்கள்: நம் நாட்டில் பெருந்திட்டங்கள் ஏன் இழுபடுகின்றன?

கரையோரன்:
சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை அமைக்க 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நீளம் 19 கிலோமீட்டர், மதிப்பீடு 1,815 கோடி ரூபாய். தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று கூறி மாநில அரசு 2012-இல் பணியை நிறுத்தியது. அதன்பின் அந்தத் தூண்கள் கம்பிகள் துருத்தியபடி ஆண்டுக்கணக்கில் நின்றதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 2022 மே மாதம் அதே திட்டத்துக்கு, ஈரடுக்குச் சாலையாக, மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டபோது மதிப்பீடு 5,800 கோடியைத் தொட்டிருந்தது. மக்களாட்சி என்றால் இப்படித்தான் என்கிறார்கள். அது சரிதானா?

தளப்பொறியாளர்:
மக்களாட்சியின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் நாளில் நிலம் முழுமையாகக் கைக்கு வந்திருக்காது. மண்ணுக்கடியில் என்னென்ன ஓடுகின்றன என்ற நம்பகமான வரைபடமும் இருக்காது. நான் பணியாற்றிய ஒரு மேம்பாலத்தில், அடித்தளத்துக்குத் தோண்டிய குழியின் குறுக்கே எந்த வரைபடத்திலும் இல்லாத குடிநீர்க் குழாய் கிடந்தது. அதை இடம் மாற்ற மூன்று துறைகளின் ஒப்புதல் தேவைப்பட்டதால், வாடகைக்கு எடுத்த துளையிடும் இயந்திரம் நான்கு மாதங்கள் சும்மா நின்றது. அந்த வாடகையும் மக்கள் பணம்தான்.

தடம்:
ஸ்பெயினும் தேர்தல் நடக்கும் நாடுதானே? மாட்ரிட்டின் தெற்குப் புறநகர்களை இணைக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சுரங்க ரயில் தடத்தை நான்கு ஆண்டுகளுக்குள் கட்டி 2003-இல் திறந்தார்கள். உடனுக்குடன் முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட சிறிய பொறியாளர் குழு அரசிடமே இருந்தது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற நிலையும் அங்கே இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? டெல்லி மெட்ரோவின் முதல் கட்டமான 65 கிலோமீட்டரை, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், குறித்த காலத்துக்கு முன்பே 2005-இல் முடித்தார்கள். அங்கும் முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில்தான் இருந்தது.

நிலவுரிமை:
நண்பர்களே, அதிகாரத்தைப் பற்றி மட்டும் பேசினால் நிலம் கொடுப்பவரை மறந்துவிடுவோம். 2008-இல் பணி தொடங்கிய வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் தடம் வெறும் 5 கிலோமீட்டர். அதில் ஆதம்பாக்கம் அருகே அரை கிலோமீட்டர் நிலத்தின் இழப்பீட்டு வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இடையே அத்தனை இடைவெளி இருக்கும்போது, வீட்டை இழப்பவர் நீதிமன்றம் போகாமல் என்ன செய்வார்? அவருக்குரிய தொகையைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால், தாமதத்தால் ஏறிய செலவோடு ஒப்பிட அது சிறியதாகவே இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.