கிறிஸ்துமஸ் காதல் நாவல்: வேலையும் வாடகையும் உள்ள கதை எது இருக்குதுங்க?

திருப்பூர்வாசகி:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பதினோரு வருஷமா மெர்ச்சண்டைசரா இருக்கேன், ஆர்டரை சாம்பிள்ல இருந்து பெட்டி கெளம்பற வரைக்கும் பார்த்துக்கற வேலை. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பிப்ரவரியிலயே வந்துரும். கலைமான் போட்ட பைஜாமா, பனித்துகள் பிரிண்ட் போட்ட குழந்தைங்க செட்டு, குடும்பமே ஒரே மாதிரி போட்டுக்கற சிவப்புக் கட்டம், எல்லாத்துக்கும் அப்பத்தான் சாம்பிள் போடுவோம். கத்திரி வெயில்ல தையல் ஓடும். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள பெட்டிங்க தூத்துக்குடிக்குக் கெளம்பியாகணும். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து வர்ற பீஸுன்னா எனக்குத் தூக்கமே இருக்காது. ஈர வெள்ளைத் துணிய வெச்சுத் தேய்ச்சுப் பார்ப்போம். அதுல இளஞ்சிவப்பா ஒரு நிழல் விழுந்தாக்கூட அந்த லாட் மறுபடியும் சாயப்பட்டறைக்குத்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னால கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில அட்டையும் மொதப் பக்கமும் கிழிஞ்ச ஒரு இங்கிலீஷ் நாவல் நாப்பது ரூபாய்க்குக் கெடச்சுது. பேரே தெரியாமத்தான் படிச்சேன். கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி பாட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி பைஜாமா குடுக்கறாங்க. திடீர்னு வந்த பையனுக்கு மட்டும் இல்லை. தாத்தாவோட பழைய செட்டைத் தேடி எடுத்துக் குடுக்கறாங்க. கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னுருது. அவன் அதையே போட்டுக்கிட்டு எல்லாரோடயும் போட்டோவுக்கு நிக்கறான், அந்தப் பொண்ணு அந்தக் கையையே பார்த்துட்டு இருக்கா. நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மீடியம் நாலு, லார்ஜ் நாலு, எக்ஸ்எல் ரெண்டுன்னு எண்ணிப் பெட்டியில அடுக்கறதோட என் கிறிஸ்துமஸ் முடிஞ்சுரும். அந்தப் பெட்டியை ஒரு வீட்ல பிரிச்சு, ஒருத்தருக்குப் பத்தாமப் போயி, அதையே சந்தோசமா போட்டுக்கற ராத்திரி எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அதுல இருந்து மார்கழி பொறந்தா இந்த மாதிரிக் கதைங்கதான். ரமணிசந்திரன் படிச்சு வளர்ந்தவ நான். கடைசியில சேந்துருவாங்கன்னு தெரிஞ்சே படிக்கறதுல இருக்கற நிம்மதி எனக்கு வேணும். அழுக வைக்கற கதை வேண்டாம். ஆனா நாலஞ்சு படிச்சதுல ஒரு மனக்குறை. கதாநாயகி பெரிய ஊர் வேலையை விட்டுட்டு வந்து பேக்கரியைக் காப்பாத்தறா, மாவு என்ன விலை, கடை வாடகை எவ்வளவுன்னு ஒரு வரி கெடையாது. கடைசியில பணக்காரப் பையன் கடனை அடைச்சுருவான். கை வேலை செஞ்சு பொழைக்கறவங்க காதலிக்கற கதை வேணுமுங்க, லேசா, சிரிச்ச மொகமா.

இன்னொண்ணும் கேக்கணும். எல்லாக் கதையிலயும் பனி விழுந்து ரெண்டு பேரும் ஒரே வீட்ல மாட்டிக்கறாங்க. நெசமாவே வருஷா வருஷம் அப்படியா? 25ஆம் தேதி யாரும் எங்கயும் போக மாட்டேங்கறாங்களே, ஒரு டீக்கடைக்குக்கூட?

லீத்கரை:

தங்கச்சி, உங்கள் பைஜாமா பத்தியை இரண்டு முறை வாசித்தேன். நான் எடின்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே வந்து 14 வருஷம் ஆகிறது.

முதலில் பனி. வருஷா வருஷமெல்லாம் இல்லை. 25ஆம் தேதி ஒரே ஒரு பனித்துகள் விழுவதைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டாலே பிரிட்டன் வானிலைத் துறை அதை வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று கணக்கில் எழுதிவிடும். நாவலில் வருகிற மாதிரி நாட்டில் பரவலாகத் தரையில் பனி கிடந்தது 1960க்குப் பிறகு நான்கே முறை: 1981, 1995, 2009, 2010. மற்ற வருஷங்களில் பெரும்பாலும் மழை, காற்று, இருட்டு. இங்கே டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், மாலை மூன்று நாற்பதுக்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்த இருட்டுதான் இந்தக் கதைகளுக்கு உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜன்னலில் ஒரு விளக்கு எரிகிற வீட்டைப் பார்த்தால் உள்ளே போய் உட்கார வேண்டும் போல இருக்கும்.

ஆனால் மாட்டிக்கொள்வது நிஜம், அதற்குப் பனி தேவையே இல்லை. 25 அன்று ரயில் ஓடாது. லண்டனில் பாதாள ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பெரிய கடைகளை அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டார்கள். 24 சாயங்காலம் எங்கே இருக்கிறீர்களோ அங்கேதான் அடுத்த நாளும். கார் இல்லாத ஒருத்தி, பிடிக்காத ஒருவன் வீட்டில் கடைசி ரயிலைத் தவறவிட்டால் கதை தானாக நடந்துவிடும். எனக்கு வருஷா வருஷம் அன்று டூட்டி. கார் வைத்திருக்கிற தோழிதான் விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போவாள்.

நீங்கள் கேட்ட மாதிரி கதைக்கு ஜென்னி கோல்கன் எழுதிய ‘தி கிறிஸ்துமஸ் புக்‌ஷாப்’ வாசியுங்கள், 2021இல் வந்தது. வேலை பார்த்த பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூடியதால் வேலை போன கார்மென், வேறு வழியில்லாமல் எடின்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறாள். அக்கா வக்கீல், நிறைமாதம், எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவள். ஒரு வயதானவரின் நொடித்த புத்தகக் கடையைக் கிறிஸ்துமஸுக்குள் தூக்கி நிறுத்தும் வேலை தங்கைக்குக் கிடைக்கிறது. காதலை விட அக்கா தங்கை மனஸ்தாபம்தான் எனக்கு நெஞ்சில் நின்றது. ஒண்டியிருக்கிற வீட்டில் காபிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற சங்கடம் எனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் இல்லத்தில் 24 ராத்திரி பெரியவர்களுக்கு நாங்கள்தான் புதுப் பைஜாமா மாட்டி விடுவோம். முக்கால்வாசி சிவப்பு. இந்தத் தடவை உள்ளே புரட்டிப் பார்க்கப் போகிறேன்.

கனடாக்குளிர்:

நான் டொராண்டோ. அக்கா, ‘இன் எ ஹாலிடேஸ்’ எண்ட புத்தகம் போன வருசம் வாசிச்சனான், கிறிஸ்டினா லாரன் எழுதினது, 2020இல வந்தது. கிறிஸ்டினா லாரன் எண்டுறது ரெண்டு சிநேகிதிகள் சேர்ந்து வச்ச பேர். யூட்டாவில ஒரு மலை வீடு. சின்னனில இருந்து மூண்டு நாலு குடும்பங்கள் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அங்க கூடுறவை. மே எண்ட பிள்ளை மனசில வச்சிருக்கிறது ஒருத்தனை, முத்தம் குடுத்தது அவன்ர தம்பிக்கு. அதுக்குள்ள அந்த வீட்டையும் விக்கப் போகினமாம். திரும்பிப் போற வழியில கார் அடிபடுது, கண் முழிச்சா அதே விடுமுறைக்கு வாற பிளேனில இருக்கிறா. திரும்பவும் முதல்ல இருந்து.

நீங்கள் கேட்ட வாடகைக் கணக்கு இதில இல்லை. ஆனா அந்தப் பிள்ளைக்கும் பிடிக்காத வேலை, இருக்கிறதும் அம்மாவோட. எனக்கு ஏன் பிடிச்சதெண்டா, ஊரில எங்கட அம்மம்மா வீட்டை வித்ததுக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் ஒண்டாக் கூடினதே இல்லை. வீடு விக்கிற இடம் வந்த உடன எழும்பிப் போய் வாசல்ல ஸ்னோ தள்ளிப்போட்டு வந்துதான் மிச்சத்தை வாசிச்சன்.

இன்னொரு விசயம். நூலகத்தில எடுக்கிறதெண்டால் நவம்பரில கேக்காதேங்கோ, எனக்கு முன்னால பெரிய வரிசை நிண்டது. ஜனவரி பிறந்தாப் பிறகு கேட்டுப் பாருங்கோ, ஒருத்தரும் தேட மாட்டினம்.

அடையாறு இரவு:

திருப்பூர் தோழிக்கு ஒரு பெயர் மட்டும் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஜீன் மெல்ட்சர் எழுதிய ‘தி மாட்ஸா பால்’, 2021. கிறிஸ்துமஸ் இல்லை, அதே பருவத்தில் வரும் யூதர்களின் ஹனுக்கா. எட்டு இரவுகள், ஒவ்வொரு இரவும் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றுவார்கள், எண்ணெயில் பொரித்த பண்டம் செய்வார்கள். கதாநாயகி ரேச்சல் ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், மகள். யாருக்கும் தெரியாமல் வேறு பெயரில் கிறிஸ்துமஸ் காதல் நாவல் எழுதிப் பிழைக்கிறவள். பதிப்பகம் திடீரென்று ஹனுக்கா கதை கேட்கிறது. அவளுக்கு எழுத வரவில்லை.

அவள் மறைக்கும் இன்னொன்று, உடம்பு. படுத்து எழுந்தாலும் தீராத நெடுநாள் களைப்பு நோய். ஆசிரியருக்கே அந்த நோய் உண்டு. எனக்கும் நான்கு வருடமாக. இரண்டு மாடி ஏறினால் மறுநாள் முழுக்கப் படுக்கை. ஆபீஸில் “சோம்பேறித்தனம்” என்றார்கள். நோயாளி வந்தால் அது அழுகைக் கதையாகத்தான் இருக்கும் என்று பயந்தே எடுத்தேன். இதில் அவள் கோபப்படுகிறாள், பொய் சொல்லிச் சமாளிக்கிறாள், சிரிக்க வைக்கிறாள், அவளைப் பார்த்து ஒருவன் தடுமாறுகிறான். களைத்துப் படுத்திருக்கும் பெண்ணைக் காதலிக்கலாம் என்று ஒரு லேசான கதை எனக்குச் சொன்னது அதுவே முதல்முறை. நாளுக்குப் பத்துப் பக்கம், முப்பது நாளுக்கு மேல் ஆயிற்று. தீர்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

எல்லோரும் சொல்லும் ‘ஒன் டே இன் டிசம்பர்’ நல்ல நாவல்தான், ஜோசி சில்வர் எழுதியது. பஸ் ஜன்னல் வழியே பார்த்தவனை ஒரு வருடம் தேடுகிறாள். கடைசியில் உயிர்த்தோழியே அவனைத் தன் காதலன் என்று அழைத்து வருகிறாள். அங்கிருந்து பத்து வருடக் கதை, நடுவில் மனது கனக்கும். அட்டையைப் பார்த்து லேசான கதை என்று எடுத்துவிடாதீர்கள்.

திருப்பூர்வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லீத்கரை அக்கா சொன்ன புத்தகக் கடைக் கதையை ஞாயித்துக்கெழமை ஆரம்பிச்சேன், போன்லதான். கடை மூடி வேலை போறதைப் படிச்சப்ப வயித்தைக் கலக்குச்சு. போன வருஷம் ஒரு பையர் ஆர்டரைப் பாதியில நிறுத்துனப்ப எங்க லைன்ல பாதி மெஷின் சும்மா நின்னுச்சு. இருந்தாலும் படிக்கறேன், அவ ஜெயிச்சுருவான்னு தெரியுமே.

அடையாறு தோழி, உங்க புத்தகத்தை அடுத்து எடுக்கறேன். எங்க செக்கிங்ல ஒரு அக்கா இருக்காங்க, எப்பவும் களைப்புன்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் சரியாக் கேட்டுக்கிட்டதில்லை. அவங்க இங்கிலீஷ் படிக்க மாட்டாங்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சங்கொஞ்சமா நானே கதையைச் சொல்லப் போறேன். டொராண்டோத் தங்கச்சி, ஜனவரி வரிசையில நானும் நிக்கறேன், நம்ம ஊர் லைப்ரரியில கெடைக்காட்டி உக்கடம் இருக்குது.

லீத்கரை அக்கா, பைஜாமாவைப் புரட்டினீங்கன்னா சட்டையில இடது பக்கத் தையல்ல, இடுப்புக்குக் கொஞ்சம் மேல பாருங்க. துவைக்கற மொறை போட்ட லேபிள் இருக்கும். அதுல நாட்டுப் பேரு மட்டுந்தான் இருக்கும், ஊர் பேரு இருக்காது. இந்தியான்னு இருந்தா ரெண்டு தடவை துவைச்சதுக்கப்பறம் காலர் ஓரத்து வெள்ளையைப் பார்த்துச் சொல்லுங்க. சிவப்பு எறங்கியிருந்தா மறைக்காம எழுதுங்க, பிப்ரவரியில சாம்பிள் போடறப்ப எனக்கு ஆகும்.